மூன்று ஆசிரியர் கொண்ட துறையில் பாடமும் ஆய்வும்: இராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

கடற்கரையோரச் சிறிய கல்லூரி ஒன்றின் அரசியல் அறிவியல் துறையில் பெரும்பாலும் மூன்று பேர் இருப்பார்கள்; அவர்களில் ஒருவர் கௌரவ விரிவுரையாளராக இருப்பார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரக் கற்பித்தலை வகுத்திருக்கின்றன. தேர்வுப் பணி, நாட்டு நலப்பணித் திட்டம், மாணவர் சேர்க்கை, தர மதிப்பீட்டுக் கோப்புகள் ஆகியவையும் சேர்ந்துகொள்வதால், ஆய்வு என்பது மே மாத விடுமுறைக்குத் தள்ளிவைக்கப்பட்டு, மே மாதத்தில் விடைத்தாள் திருத்தும் பணியால் மீண்டும் தள்ளிவைக்கப்படும் காரியமாகிவிடுகிறது. அத்தகைய துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். வகுப்புக்கு ஒரு தயாரிப்பு, ஆய்வுக்கு வேறொரு தயாரிப்பு என்று இரண்டு அடுப்பு மூட்டச் சிறிய துறைக்கு விறகு போதாது. வகுப்பில் விரித்து வைக்கும் அதே ஆவணங்களும், மாணவர்கள் வந்துசேரும் அதே ஊர்களும் ஆய்வுக்கும் பயன்படும்படி முதல் பருவத்திலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பாடத்திட்டத்தை நாம் மாற்ற முடியாது. அது பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. ஆனால் ஒவ்வோர் அலகுக்கும் எடுத்துக்காட்டு எங்கிருந்து வர வேண்டும் என்பதை எவரும் நமக்கு எழுதி அனுப்புவதில்லை. கூட்டாட்சியைப் பற்றிய அலகை எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூல்கள் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று வரிசைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடும். மாணவரும் மூன்று பட்டியல்களை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவார். அதற்குப் பதிலாக, மூக்கையூரிலிருந்தோ ஏர்வாடியிலிருந்தோ மன்னார் வளைகுடாவுக்குள் செல்லும் ஒரு படகைக் கரும்பலகையில் வரையுங்கள். கரையை ஒட்டிய நீர், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நாட்டுப்படகுகளுக்கு உரியது. விசைப்படகு அங்கே மீன் பிடிக்கக் கூடாது. ‘மீன்வளம்’ என்பது மாநிலப் பட்டியலின் 21ஆவது பதிவு என்பதால்தான் சட்டமன்றம் அந்தச் சட்டத்தை இயற்ற முடிந்தது. படகு 12 கடல் மைலைத் தாண்டியதும் நாட்டின் ஆட்சிக்கடல் முடிந்துவிடுகிறது. அதற்கப்பாலுள்ள மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலின் 57ஆவது பதிவுக்குள் வருகிறது. வழியில் தீவுகளின் அருகே சென்றால் 1986இல் அறிவிக்கப்பட்ட, 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவும், அதன் வழியாக 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் வந்து சேர்கின்றன. ஒரே படகு, ஒரே நாளில் மீன்வளத் துறை, வனத் துறை, கடலோரக் காவல் படை ஆகிய மூவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருப்பது ஏன் என்று கேட்டால், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்தான் முதலில் பேசுவார். அவருடைய தந்தை அந்த மூவரிடமும் பேசியவராக இருப்பார்.

இதே எடுத்துக்காட்டைப் பாக் நீரிணைப் பக்கம் அப்படியே கொண்டுபோய்விடக் கூடாது. அங்கே எல்லை வகுத்த 1974ஆம் ஆண்டு இந்திய–இலங்கை உடன்பாட்டின் தலைப்பிலேயே ‘வரலாற்று நீர்ப்பரப்பு’ என்ற சொல் இருக்கிறது. 12 கடல் மைல் கணக்கு அங்கே அதே விதமாகப் பொருந்தாது. மண்டபத்தின் இரு புறத்திலும் இரண்டு வேறு கடல்கள் இருப்பதைப் போலவே இரண்டு வேறு சட்ட நிலைகளும் இருக்கின்றன என்பதை வேறெந்த மாவட்டத்து ஆசிரியரும் இவ்வளவு எளிதாகக் காட்ட முடியாது.

கச்சத்தீவை எப்போது எடுப்பது

புதிதாக வருகிற ஆசிரியர்களில் பலரும், ஆய்வேடு எழுத வருகிற மாணவர்களில் ஏறத்தாழ எல்லாரும், முதலில் கச்சத்தீவைத்தான் கேட்கிறார்கள். ஆய்வுக்கு முதல் பொருளாக அதை எடுக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. அதைப் பற்றி எழுதப்பட்டவை மலைபோல் குவிந்திருக்கின்றன. புதிதாகச் சொல்ல வேண்டுமானால் தில்லியிலும் கொழும்பிலும் உள்ள கோப்புகள் வேண்டும், அவை நம் கைக்கு எட்டுவதில்லை.

வகுப்பறையில் அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. ஆனால் மேடைப் பேச்சின் வழியாக அன்றி ஆவணத்தின் வழியாக அதை எடுக்க வேண்டும். 1974 ஜூனில் கையெழுத்தான உடன்பாட்டின் ஐந்தாவது, ஆறாவது பிரிவுகளை மாணவர்கள் முன் வையுங்கள். ஐந்தாவது பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குச் சென்றுவரலாம், அதற்கு இலங்கையிடம் பயண ஆவணமோ விசாவோ பெற வேண்டியதில்லை என்கிறது. ஆறாவது பிரிவு இரு நாட்டுப் படகுகளும் மற்றவரின் நீரில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. அடுத்து, மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுத்த 1976 மார்ச் உடன்பாட்டையும், அதையொட்டி இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதத்தையும் அருகருகே வைத்துப் படிக்கச் செய்யுங்கள். தீவுக்குச் செல்லும் உரிமையில் மீன் பிடிக்கும் உரிமை அடங்குகிறதா என்ற வினாவை மாணவர்களே எழுப்புவார்கள். விடையை உடனே கொடுத்துவிடாதீர்கள். அதன்பின், மேற்கு வங்கத்துப் பெருபாரியைப் பாகிஸ்தானுக்கு விட்டுக்கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960இல் அளித்த கருத்துரையைச் சேர்க்கலாம். இந்திய நிலப்பகுதியை இன்னொரு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசமைப்புத் திருத்தம் தேவை என்பது அதன் சாரம். மத்திய அரசோ, தீவு தகராற்றில் இருந்த பகுதி, அங்கே எல்லைதான் வகுக்கப்பட்டதே ஒழிய எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்று நிற்கிறது. தீவு இராமநாதபுரம் ஜமீனுக்கு உரியதாக இருந்தது என்ற வாதம் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே பொருந்துகிறது என்று ஒரு பக்க அளவில் எழுதச் சொல்லுங்கள். அகமதிப்பீட்டுக்கு அதைவிட நல்ல ஒப்படைப்பை நான் கண்டதில்லை.

ஆய்வுக்கு உகந்த பொருள்

இந்தக் கரையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் யாரும் எடுக்காத பொருள்கள் பல. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஊராட்சியின் தீர்மானப் புத்தகம். அரசமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது, 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது என்று பாடத்தில் சொல்கிறோம். ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று 243உ பிரிவு கூறுவதையும் சொல்கிறோம். நடந்தது என்ன? 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016இல் முடிந்தது. அடுத்த ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடையில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் இருந்தார்கள். அந்தத் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் இராமநாதபுரமும் ஒன்று. 2025 ஜனவரியில் அந்தக் காலமும் முடிந்து மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருந்தபோது எழுதப்பட்ட தீர்மானங்களும் தனி அலுவலர் காலத்துத் தீர்மானங்களும் எந்த வகையில் வேறுபடுகின்றன, குடிநீரைப் பற்றிய தீர்மானம் எத்தனை முறை திரும்பத் திரும்ப நிறைவேற்றப்பட்டிருக்கிறது, பெண்கள் எழுப்பிய கோரிக்கைகள் எப்போது பதிவாகின்றன, எப்போது காணாமல் போகின்றன என்பவற்றை ஐந்து ஊராட்சிகளில் பார்த்தாலே ஒரு நல்ல கட்டுரை கிடைக்கும். அதற்குப் பெரிய நிதி வேண்டாம். பேருந்துக் கட்டணமும் பொறுமையும் வேண்டும்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு நாள்களில் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் பல, கல்லூரிக்கும் விடுமுறை நாள்கள். ஆகவே மாணவர் ஒவ்வொருவரும் தம் சொந்த ஊரின் சபையில் அமர்ந்து, யார் பேசினார், எவ்வளவு நேரம் பேசினார், பதிவேட்டில் என்ன எழுதப்பட்டது என்று குறித்துக்கொண்டுவரச் செய்யலாம். மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பில் ஒரு மாணவர் பதினைந்து சபைகளையாவது பார்த்துவிடுவார். ஒரே நோட்டு வடிவத்தில் அவை சேர்ந்தால், துறையிடம் வேறெவரிடமும் இல்லாத சேகரம் உருவாகும். மார்ச் 22 பெரும்பாலும் அகமதிப்பீட்டுத் தேர்வோடு மோதும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தேர்தல் ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் கருத்துக்கணிப்பில் இறங்குவதைவிடப் படிவம் 20இலிருந்து தொடங்குவது நல்லது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் அதில் இருக்கின்றன. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையத்தளத்தில் கிடைக்கும். இரண்டு எச்சரிக்கைகள் தேவை. சாவடி எண்கள் ஒரு தேர்தலுக்கும் அடுத்ததற்கும் இடையே மாறிவிடும். எண்ணை நம்பாமல் பள்ளிக் கட்டடத்தின் பெயரைக் கொண்டு பொருத்த வேண்டும். அஞ்சல் வாக்குகள் சாவடி வாரியாக இல்லாமல் தனியாகவே காட்டப்படும். தொகுதி மறுவரையறையைக் கற்பிக்கவும் நம் தொகுதியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2008 மறுவரையறைக்குப் பின் இராமநாதபுரம் மக்களவைத் தொகுதி, புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியையும் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியையும் பரமக்குடி, திருவாடானை, இராமநாதபுரம், முதுகுளத்தூர் ஆகியவற்றோடு சேர்த்துக்கொண்டிருக்கிறது; கடலாடி சட்டமன்றத் தொகுதி அதே வேளையில் இல்லாமல் போயிற்று. கடலாடித் தொகுதி மறைந்த பிறகு அப்பகுதி ஊர்களின் வாக்குப்பதிவு என்னவாயிற்று என்பதைப் படிவம் 20ஐக் கொண்டே ஆராயலாம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் வேறொரு வினா காத்திருக்கிறது. 2010இல் செய்யப்பட்ட திருத்தம் வெளிநாட்டில் வேலை செய்யும் குடிமக்களைப் படிவம் 6அ வழியாக வாக்காளர் பட்டியலில் சேர அனுமதித்தாலும், வாக்களிக்க அவர்கள் நேரில் வந்தாக வேண்டும். வளைகுடா நாடுகளில் இருப்பவர்களின் குடும்பங்கள் தேர்தலை எப்படி நடத்திச் செல்கின்றன என்று கேட்டறிய நம் மாணவியரைவிடத் தகுதியானவர் யார்?

கேட்ட ஆவணம் கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். விண்ணப்பத்தைத் துறைத் தலைவர் என்ற பெயரில் அனுப்பாமல் தனிக் குடிமகனாகவோ குடிமகளாகவோ அனுப்ப வேண்டும். ஏனெனில் சட்டம் அந்த உரிமையைக் குடிமக்களுக்கே தருகிறது. தமிழில் எழுதலாம், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆனால் முதலில் ஊராட்சிச் செயலரை நேரில் பார்த்துக் கேளுங்கள். பாதிப் புத்தகங்கள் அப்படியே கிடைத்துவிடும், மனுவால் உறவு கெட்டுப்போவதும் இராது.

கரைக்குச் செல்லுதல்

என் முதல் கள ஆய்வை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்த ஒரு வினாப்பட்டியலை மொழிபெயர்த்து, பதினான்கு மாணவர்களோடு ஒரு கடற்கரை ஊருக்குச் சென்றேன். அன்று விசைப்படகுகள் கடலுக்குச் செல்லும் நாள் என்பதைக்கூட விசாரித்திருக்கவில்லை. ‘உள்ளாட்சி அமைப்பின் பொறுப்புடைமை குறித்துத் தங்கள் திருப்தி நிலை யாது’ என்று ஒரு மாணவர் வாசித்ததும், வலை பிரித்துக்கொண்டிருந்த மூதாட்டி, “அது எந்த ஆபீசு தம்பி?” என்று கேட்டார். மாலையில் எண்ணிப் பார்த்தபோது முக்கால்வாசித் தாள்களில் ‘ஓரளவு திருப்தி’ என்றே குறிக்கப்பட்டிருந்தது. அந்தத் தாள்களின் பின்பக்கம் இரண்டு பருவங்களுக்கு எங்களுக்கு எழுதுதாளாகப் பயன்பட்டது.

வினாக்களை ஊரின் சொற்களிலிருந்து உருவாக்க வேண்டும். ‘ஊர்க்கட்டுப்பாடு’, ‘முறை’, ‘பாத்தியதை’, ‘பங்கு’, ‘தலைக்கட்டு’ ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் அரசியல் கோட்பாட்டின் ஒரு அலகுக்குச் சமம். அரசமைப்பு தனிமனிதரை வாக்காளராக எண்ணுகிறது. ஊர் வரி வசூலிக்கும்போது தலைக்கட்டை, அதாவது குடும்பத்தை, எண்ணுகிறது. கணவரை இழந்த பெண்ணின் வீடு தலைக்கட்டாக எண்ணப்படுகிறதா, அவர் ஊர்க் கூட்டத்தில் அமரலாமா என்பது ஊருக்கு ஊர் கேட்டறிய வேண்டிய செய்தி. குடிமை என்ற கருத்தாக்கத்தை மாணவியர் உண்மையாகப் புரிந்துகொண்டது இந்த வினாவைக் கேட்டுவந்த பிறகுதான். அதேபோல், பாக் நீரிணைப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. பொதுவளத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டியதற்காக 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் ஓர் அரசியல் அறிவியலாளர்தான் என்பதைச் சொல்லி, இந்த ஏற்பாடு எங்கே காக்கப்படுகிறது, எங்கே மீறப்படுகிறது என்று பார்த்துவரச் சொல்லலாம்.

செல்லும் காலத்தையும் கணித்துக்கொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது நம் கோடை விடுமுறையோடு பெரிதும் ஒத்துப்போகிறது. விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள், பேச நேரமும் இருக்கும். ஆனால் கையில் பணம் இல்லாத காலமும் அதுவே. கடனையும் வருமானத்தையும் பற்றிய வினாக்களோடு அப்போது போய் நிற்பது நாகரிகமாகாது. அவற்றை ஆடி கழிந்து கேட்கலாம்.

இனி, மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம். கடல் அட்டை 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பது குற்றம். தீவுகளை ஒட்டிக் கடற்பாசி எடுக்கும் பெண்களின் வேலை தேசியப் பூங்காவின் எல்லையோடு உரசுகிறது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர்கள் மீது வழக்குகள் இருக்கும். நம்மிடம் அவர்கள் நம்பிச் சொல்வது, நம் நோட்டுப் புத்தகத்தில் பெயரோடு இருந்தால், ஒரு நாள் அவர்களுக்கு எதிரான சான்றாகலாம். ஆய்வாளரின் குறிப்புகளுக்கு நம் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை. எனவே பெயரை முதலிலிருந்தே எழுத வேண்டாம். படகின் பதிவெண்ணை எழுத வேண்டாம். கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டாம். ‘முன்னாள் தலைவி’ என்று எழுதினாலே ஊரில் ஒருவரைத்தான் அது சுட்டும் என்பதையும் மாணவர்களுக்குப் புரியவையுங்கள். குற்றமாகக்கூடிய செயலைப் பற்றி மாணவரைக் கொண்டு விசாரிக்கவே கூடாது. தேவையென்றால் ஆசிரியர் தாமே செல்லட்டும்.

மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமைப் பற்றியும் ஒரு சொல். மலையகத் தமிழரின் குடியுரிமை குறித்த 1964 அக்டோபரின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேராதது, 1987 ஜூலை 1க்குப் பின் பிறப்பினால் வரும் குடியுரிமை சுருங்கியது, இலங்கைத் தமிழரைச் சேர்த்துக்கொள்ளாத 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தம் ஆகிய அனைத்தையும் வகுப்பில் விரிவாகக் கற்பிக்கலாம். முகாமுக்குள் சென்று பேட்டி எடுக்க உரிய அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லாதீர்கள். வகுப்பிலேயே முகாமிலிருந்து வருகிற மாணவர் இருக்கக்கூடும் என்பதால், எவரையும் எடுத்துக்காட்டாக எழுப்பி நிறுத்தாதீர்கள்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இம்மாவட்ட அரசியலைக் கற்பிக்க முடியாது. 1957ஆம் ஆண்டு முதுகுளத்தூர்க் கலவரமும் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இம்மானுவேல் சேகரனின் கொலையும் இன்னும் வகுப்பறைக்குள் இருக்கின்றன. அந்த வகுப்பில் இரு தரப்பு வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் சேகரனின் நினைவு நாளான செப்டம்பர் 11, முத்துராமலிங்கத் தேவர் குருபூசை நாளான அக்டோபர் 30 ஆகியவற்றையொட்டி மாவட்டத்தில் தடையுத்தரவு போடப்படுவதை அவர்கள் அறிவார்கள். நான் அந்த உத்தரவிலிருந்தே தொடங்குவேன். முன்பு 144 என்று சொல்லப்பட்ட அதிகாரம் 2024 ஜூலை முதல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவில் இருக்கிறது (பழைய குறிப்புகளை வைத்திருப்போர் திருத்திக்கொள்க). ஒன்றுகூடும் உரிமையை அரசு எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்ற வினா, யார் பக்கம் நியாயம் என்ற வாக்குவாதத்துக்கு முன்பாக வகுப்பைச் சட்டத்தின் மேல் நிறுத்திவைக்கும். அதன்பின் நிகழ்ச்சிகளுக்குச் செல்லலாம். முதல் ஆண்டில் வேண்டாம். மாணவர்கள் ஒருவரையொருவர் அறிந்த மூன்றாம் ஆண்டில்.

எழுதுதலும் சேமித்தலும்

வெளியீடு குறித்து நீண்ட அறிவுரை என்னிடம் இல்லை. மானியக் குழு தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இதழின் தரத்தைக் கல்லூரியே தீர்மானிக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சிடும் இதழ்கள் பக்கம் போகாதீர்கள். இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் குழுமத்தின் சிறு ஆய்வுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மேலே சொன்ன தீர்மானப் புத்தகம் போன்ற ஒரு பொருளை இரண்டு ஆண்டு பார்த்துவைத்திருந்தால் விண்ணப்பம் தானே கனமாக அமையும். கட்டுரையை ஆங்கிலத்தில் அனுப்பினாலும் அதன் தமிழ் வடிவத்தைச் சுருக்கி, செய்திகளைத் தந்த ஊருக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். தவறுகளை அவர்கள் அங்கேயே திருத்துவார்கள். எந்த இதழின் மதிப்பீட்டாளரும் அவ்வளவு கூர்மையாகப் படித்ததில்லை.

துறையில் ஓர் இரும்பு அலமாரி வேண்டும். கிராம சபை நோட்டுகள், படிவம் 20இன் அச்சுப்படிகள், தகவல் உரிமைப் பதில்கள், மாணவர் ஆய்வேடுகள் ஆகியவற்றை ஊர்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் அதில் அடுக்கி, முதல் பக்கத்தில் எவர், எப்போது, எந்த அலுவலகத்திலிருந்து பெற்றது என்று எழுதிவையுங்கள். உப்புக்காற்றில் ஸ்டேப்ளர் கம்பி இரண்டே ஆண்டில் துருவேறித் தாளைத் தின்றுவிடும், நூலால் கட்டுங்கள். கௌரவ விரிவுரையாளர் பணி மாறிச் செல்லும்போது அவர் சேகரித்தவற்றின் ஒரு படியைத் துறைக்கும், மூலத்தை அவருக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். சாவி இருவரிடம் இருக்கட்டும்.